சாமி வருது என்பதற்கு இங்கிலீஷ்

எழுபத்துநான்காம் ஆண்டு மாசி மகத்தன்று விடியற்காலை ஐந்தேகாலுக்குச் செங்கல்பட்டில் மகாபலிபுரம் பஸ் ஏறினேன். டிக்கெட் தொண்ணூறு பைசா. கூட ஏழுமலை. மகாபலிபுரம் மீனவர் குப்பத்துக்காரன், முப்பத்தைந்து வயது. கட்டுமரம் கவிழ்ந்து தோள்பட்டை இறங்கியதிலிருந்து வலை இழுக்க முடியாமல், கோயிலண்டை வெள்ளைக்காரர்களுக்குச் சங்கும் சோழியும் விற்றுக்கொண்டிருந்தான். நான் ஒரு பள்ளியில் இங்கிலீஷ் வாத்தியார். நாலு மாதமாகச் சனிக்கிழமைதோறும் என்னிடம் வார்த்தை படிக்க வருவான். அன்று பரீட்சை என்பதால் முந்தின நாளே வந்து, எங்கள் வராந்தாவில் படுத்திருந்தான்.

கடற்கரையில் புதிதாகத் திறந்திருந்த ஒரு விடுதிக்கு கைடு வேண்டும். மாதம் நூறு ரூபாய் சம்பளம். அங்கே தங்கியிருந்த வெள்ளைக்காரத் தம்பதியை மாசி மகத்தன்று எட்டு மணிக்குக் கடற்கரைக்கு அழைத்துப் போய், கண்ணில் படுவதையெல்லாம் இங்கிலீஷில் சொல்ல வேண்டும். அதுதான் மானேஜர் வைத்த பரீட்சை. எனவே திருவிழாவையே பாடமாக்கினேன். பல்லக்கு, குடை, தீர்த்தவாரி என்று நாற்பது வார்த்தைகளுக்கு இங்கிலீஷை நோட்டில் எழுதிக் கொடுத்தேன். இந்தப் புது முறையைப் பற்றி ஆசிரியர் அறையில் பீற்றிக்கொள்ளவும் செய்தேன்.

பஸ்ஸில் உட்கார இடமில்லை. வருஷாவருஷம் மாசி மகத்துக்குக் கடற்கரையில் கூடும் இருளர் குடும்பங்கள் மூட்டை முடிச்சுகளோடு ஏறியிருந்தன. "நின்னுகினுதான் வரணும் சார், நாளைக்கு வந்தீங்கன்னா படுத்துகினே வரலாம்" என்றார் கண்டக்டர்.

ஆறு மணி. திருக்கழுக்குன்றம். செங்கல்பட்டிலிருந்து பதினான்கு கிலோமீட்டர். பஸ் பத்து நிமிஷம் நிற்குமென்றார்கள். இறங்கி டீ குடித்தோம், இருபது பைசா, வெந்நீரில் சர்க்கரை. ஏழுமலை கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினான்.

"சார், ஒரு டவுட்டு. போன மாசம் ஒரு வெள்ளக்காரம்மா சங்கு வாங்க வந்துச்சு. பொம்பளைங்களுக்கு சாமி வந்து ஆடுது பாருங்க, அதுக்கு பொசெஷன்னு சொல்லிச்சு. கரீட்டா சார்?"

எனக்குச் சிரிப்பு வந்தது. வீடு, நிலம், மாடு என்று உடைமையாக உள்ளது பொசெஷன். இருபது வருஷமாக அப்படித்தான் நடத்தி வந்திருக்கிறேன்.

"அந்தம்மா புரொசெஷன்னு சொல்லியிருக்கும். உன் காதுல அப்படி விழுந்திருக்கு."

"அது சாமிய தூக்கினு வர்றதுக்குன்னு எழுதிக் குடுத்தீங்களே?"

"ரெண்டுக்கும் நாம என்னய்யா சொல்றோம்? சாமி வருதுன்னுதானே?"

அவன் கிளாஸைக் கீழே வைத்தான். "ஆமா சார், நம்மளும் ஒண்ணாத்தான் சொல்றோம்" என்று நோட்டைப் பிரித்தான். அந்த வெள்ளைக்கார அம்மாளிடம் கேட்டு அவனே எழுதி வைத்திருந்த வார்த்தையை அடித்துவிட்டு, என் வார்த்தையை எழுதிக்கொண்டான். எவ்வளவு பதவிசாக அடித்தான் என்பது இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது.

ஆறே முக்காலுக்கு மகாபலிபுரம். கடற்கரை நெடுகப் புடவைகளைக் கட்டி மறைப்புப் போட்டு இருளர்கள் தங்கியிருந்தார்கள். ஈர மணலில் படி அமைத்து, கன்னியம்மனுக்குப் பூவும் தேங்காயும் வைத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மணல் காலில் குளிர்ந்து கிடந்தது. அழகான இடம்தான். இரண்டு மணி நேரம் கழித்து அந்த அழகு எனக்குப் பிடிக்காமல் போனது.

எட்டு மணிக்குத் தம்பதியும் மானேஜரும் வந்தார்கள். வேலைக்குப் போட்டி இரண்டே பேர். மற்றவன் கன்னியப்பன், அதே கடற்கரையில் படம் போட்ட அட்டை விற்பவன். பள்ளிக்கூடமே போகாதவன் என்று கேள்விப்பட்டு நிம்மதியாக இருந்தேன். ஏழுமலைதான் முதலில் பேசினான். நான் பத்தடி பின்னால் நடந்தேன். பெருமாள் குடைகளோடு கடலுக்கு வந்தார். "புரொசெஷன், மேடம். காட் கமிங் ஃபார் ஹோலி பாத்" என்றான். அந்த அம்மாள் மகிழ்ந்து போனாள். எனக்கும் தலைக்கனம் ஏறியது.

அப்போது இருளர் கூட்டத்தில் ஒரு பெண் முடி அவிழ்ந்து, உடல் நடுங்கி, ஆட ஆரம்பித்தாள். பக்கத்திலிருந்தவர்கள் கும்பிட்டார்கள். அவளுக்கு என்ன ஆயிற்று என்று வெள்ளைக்கார அம்மாள் கேட்டாள்.

"திஸ் ஆல்ஸோ புரொசெஷன், மேடம்."

அவள் நாலு பக்கமும் ஊர்வலத்தைத் தேடினாள். ஏழுமலை கையை நீட்டி, அந்தப் பெண்ணையே காட்டி, "ஹியர் மேடம். ஒன்லி ஒன் லேடி புரொசெஷன்" என்றான். மானேஜர் வாய்விட்டுச் சிரித்தார். கன்னியப்பன் முன்னால் வந்து, "பொசெஷன், மேடம். காட் இன்சைட்" என்றான். அம்மாளுக்கு உடனே புரிந்தது. அதோடு வேலை கன்னியப்பனுக்கென்று முடிவாயிற்று. அவனுக்கு வாத்தியார் இல்லை, அது அவன் அதிர்ஷ்டம்.

ஏழுமலை திரும்பி என்னைப் பார்த்தான். கோபமாகப் பார்த்திருந்தால் தேவலை. நான் ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்தான். மானேஜரிடம் போய், தப்பு என்னுடையது, இவன் சரியாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தான் என்று ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும். தமிழிலேயே சொல்லியிருக்கலாம். எனக்கு இருபது வருஷச் சர்வீஸ். நான் கடலைப் பார்த்தேன்.

பத்து மணிக்கு அவன் வீட்டில் நாஸ்தா. என்னை வெறும் வயிற்றோடு அனுப்ப அவன் மனைவி தனம் ஒப்பவில்லை. "எங்க சார் தப்பாச்சு? நல்லாத்தான வந்துகினு இருந்துச்சு?" என்று என்னைக் கேட்டாள்.

அவன்தான் முந்திக்கொண்டான். "நாக்கு பொரளல. சார் இன்னா பண்ணுவாரு?"

"கூச்சம்தான் காரணம்" என்றேன் நான். வாயில் இட்லி இருந்தது.

"அடுத்த தபா நல்லா அடிச்சி சொல்லிக் குடுங்க சார்" என்றாள் தனம்.

பதினோரு மணி பஸ்ஸுக்கு அவனே ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு எனக்கு சீட் பிடித்தான். பஸ் கிளம்பும்போதுதான் கேட்டான்: "சார், அது நா கேட்ட வார்த்ததான?"

"வீட்டுக்குப் போய் அகராதி பார்த்துச் சொல்றேன்."

"பாத்து சொல்லுங்க சார்."

வீட்டுக்கு வந்து பார்த்தேன். பொசெஷனுக்கு மூன்றாவது அர்த்தமாக, சாமி வந்து ஆடுவதைப் போட்டிருந்தது. அடுத்த சனிக்கிழமை அவன் வரவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமையும் இல்லை. எங்கள் வீட்டிலிருந்து அவன் வீட்டுக்கு முப்பது கிலோமீட்டர்கூட இருக்காது, மணிக்கொரு பஸ் இருக்கிறது. மூன்று மாசி மகம் போய்விட்டது. நான் இன்னும் சொல்லவில்லை.