ஒயிட்ஃபீல்டைத் தாண்டிப் போன ஜெனிட்டா

மாரிகுப்பத்தில் ரயில் அசைவதற்குள் ஜெனிட்டா ஜன்னலோரம் ஒரு காலை மடித்துப் போட்டு, நேற்று விட்ட பக்கத்தைப் பிடித்திருப்பாள். கதையில் எவனாவது மடத்தனம் செய்தால் "போடா லூசு" என்று வாய்விட்டே திட்டுவாள். எதிரில் தூங்குகிறவர் விழித்துக்கொண்டு, தன்னைத்தான் திட்டினாளோ என்று பார்ப்பார். அவள் புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்கமாட்டாள்.

ஒயிட்ஃபீல்டில் ஒரு கம்பெனியில் கணக்குப் பார்க்கிறாள். வயது முப்பத்தைந்து இருக்கும். படிப்பதெல்லாம் பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்கான இங்கிலீஷ் நாவல்கள். வருங்காலத்தில் உலகம் கெட்டுப்போய், கொடுமைக்கார அரசாங்கம் வந்து, பிள்ளைகளே எதிர்த்து நிற்கிற கதைகள். இந்த வயதில் இது எதற்கு என்று கேட்டேன். "பெரியவங்க கதையில எல்லாரும் யோசிச்சிகினே கீறாங்க மாமா. இதுல பசங்க எதனா செய்யுதுங்க" என்றாள்.

நான் நாலாம் வகுப்போடு நின்றவன். இங்கே தங்கச் சுரங்கத்தில் வண்டி தள்ளினேன். சுரங்கத்தை மூடிய பிறகு ஹார்ட்வேர் கடை போட்டேன். இன்று ராபர்ட்சன்பேட்டையில் சொந்தக் கட்டடத்தில் உட்கார்ந்திருக்கிறேன். எவனுக்கும் கும்பிடு போட்டு முன்னுக்கு வரவில்லை. ஆனால் என் மாடியில் குடியிருக்கும் இந்தப் பெண்ணுக்கு நன்றி சொல்லியே ஆகவேண்டும்.

என் பேத்தி மமதாவுக்குப் பதினேழு வயது. அதே மாதிரி ஒரு நாவல் எழுதினாள். பெங்களூரில் ஒரு பதிப்பகம் அதைத் திருப்பி அனுப்பிவிட்டது. இனி எழுதவே மாட்டேன் என்று லேப்டாப்பை அலமாரியில் வைத்துவிட்டாள். பிரமாதமான கதை, அவர்களுக்குத்தான் தெரியவில்லை என்று வீட்டில் எல்லோரும் தேற்றினோம். தேற்றத் தேற்ற அவள் முகம் இன்னும் சுருங்கிப்போனது. கடைசியில் நான்தான் பிரிண்ட் எடுத்து ஜெனிட்டா கையில் கொடுத்தேன். அந்த யோசனை என்னுடையது.

அடுத்த ஞாயிறு, ஜெனிட்டா சர்ச்சுக்குக் கட்டிய சேலையோடேயே வந்து மமதா எதிரில் உட்கார்ந்தாள். கதையில் பூமிக்கடியில் ஒரு நகரம். அங்கே காற்றை அளந்து விற்கிறார்கள். சிரித்தால் காற்று அதிகம் செலவாகும், அண்ணன் பங்கு குறையும் என்று ஒரு சின்னத் தங்கை சிரிப்பதையே நிறுத்திவிடுகிறாள்.

"அந்த எடத்துல ஒயிட்ஃபீல்ட் வந்து போனதே தெர்ல. கே.ஆர்.புரத்துல எறங்கித் திரும்பி வந்தேன். ஒன்னாலதான் மேனேஜர் கிட்ட திட்டு வாங்குனேன்" என்றாள். அத்தனை நாள் கழித்து மமதா நிமிர்ந்து பார்த்தாள்.

பிறகு குறைகளுக்கு வந்தாள், ஈவிரக்கமே இல்லாமல். காற்று விற்கும் வில்லனுக்கு மிரட்டுவதைத் தவிர வேறு வேலையில்லையாம். அவனுக்கு ஒரு பல்வலிகூட வருவதில்லையாம். கதாநாயகி இரண்டு பையன்களைப் பார்த்த நிமிஷமே இரண்டு பேரையும் காதலிக்கிறாளாம். முடிவு அதைவிட மோசமாம். நாயகி ஜனங்களைக் கேஜில், சுரங்கத்து லிஃப்டில், ஏற்றி மேலே கொண்டுவருகிறாள், சூரியன் தெரிகிறது, அதோடு கதை முடிகிறது.

"மேல வந்தவங்கள யாரு எண்ணுனது?" என்று கேட்டாள்.

"கதைக்கு அது தேவையில்லக்கா."

"இந்த ஊர்ல எழுதுனா தேவை. எங்க அப்பா ஷிஃப்ட் முடிஞ்சி மேல வந்தா டோக்கன திருப்பிக் குடுப்பாரு. ஒரு டோக்கன் வரலன்னாலும் கீழ ஆள் தேடப் போவாங்க. ஒன் கதையில பம்ப் ரூம் கதவ புடிச்சிகினு நின்னானே ஒரு குள்ளப் பையன், அவன் இன்னா ஆனான்? நீ மறந்துட்ட."

அப்படி ஒரு டோக்கனைத் தினமும் வாங்கித் திருப்பிக் கொடுத்த கை என்னுடையது. பேத்தி கதை சொன்னபோது எனக்கே உறைக்கவில்லை. கைதட்டினேன்.

மமதாவின் கண் கலங்கியது. என் மருமகள் ஜெனிட்டாவை முறைத்தாள். அவன் உயிரோடு இருப்பானா என்று மமதா மெல்லக் கேட்டாள்.

"எனக்கு எப்டித் தெரியும்? நீ எறங்கிப் போயி பாரு."

மமதா எழுந்து போய் லேப்டாப்பை எடுத்துவந்து மேஜைமேல் திறந்தாள். நான் வழக்கம்போல மத்தியானச் செய்திக்கு டிவியைப் போட்டேன். இந்த வீட்டில் என் ரிமோட்டை யாரும் தொடமாட்டார்கள். ஜெனிட்டா அதை என் கையிலிருந்து எடுத்து, டிவியை அணைத்து, ரிமோட்டைத் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு மாடியேறிப் போனாள்.