வெயிலுக்குக் குறுக்கே ஒரு பந்தல்

பாங் யாய் கால்வாயின் எங்கள் கரையில் பள்ளிச் சீருடை அணிந்தவர்களில் பாதிப்பேருக்குத் தையல்காரம்மா ஸங்வான்தான் சட்டை தைத்தவர். அவருடைய தையல் எந்திரம் சன்னலோரத்தில் இருந்தது. சன்னலுக்கு வெளியே ஆர்க்கிட் செடிகள் மரக்கூடைகளில் தொங்கின. ஊசியில் நூல் கோக்கப் போதுமான வெளிச்சம் செடிக்கும் போதும் என்பது அவர் வெகுகாலம் கைக்கொண்ட விதி. அகன்ற இலைச் செடிகள் அந்த விதிக்குக் கட்டுப்பட்டு ஆண்டுதோறும் பூத்தன. வாண்டா என்னும் ஒடுங்கிய இலை ஆர்க்கிட் மட்டும் கட்டுப்படவில்லை. கறுப்பு நிழல்வலையின் கீழ் அது கரும்பச்சை இலைகளைச் செழிக்க விரித்ததே தவிர, ஒரு மொட்டுக்கூட வைக்கவில்லை.

அவ்வாண்டு, பிக்குகள் விகாரையிலேயே தங்கும் மழைக்கால நோன்புக்கு முன், தனித் என்ற அவருடைய மகன் துறவு ஏற்கவிருந்தான். ஊர்வலத்தில் அவன் கூப்பிய கைகளுக்கிடையே ஊதுபத்தி, மெழுகுவத்தியுடன் பூவும் ஏந்திச் செல்ல வேண்டும். எல்லாரும் விகாரைத் துறையில் புப்பாவின் பூக்கடையில் தாமரை வாங்குவதே வழக்கம். ஸங்வானோ அந்தக் கடை வாசலிலேயே நின்று, தம் ஆசையை வெளியிட்டுவிட்டார்.

"தனித் கையில இருக்கப்போறது என் வீட்டு வாண்டாதான்."

"எது, அந்தக் கீரையாக்கா?" என்றாள் புப்பா. "மூணு வருஷமா இலையத்தானே காட்டுது? மிளகாத் துவையலுக்குத் தொட்டுக்கத்தான் லாயக்கு. எதுக்கும் தாமரை எடுத்து வைக்கிறேன். வெக்கப்படாம வந்து வாங்கிக்க."

ஸங்வான் வீடு திரும்பியதும் இலைகளை மறுபடி பார்த்தார். கரும்பச்சை என்பது வெளிச்சப் பசியின் நிறம். வலையைக் கழற்றிவிட்டு, இடைவெளி விட்டு மூங்கில் பிளாச்சுகள் அடித்த பந்தல் போட வேண்டும் என்று கணவர் பிரயூனிடம் சொல்லிவிட்டுத் தங்கை வீட்டுக்குச் சென்றார். பிரயூன் முன்னாள் படகோட்டி. சொன்ன வேலையைத் தள்ளிப்போடாதவர். மனைவி திரும்புவதற்குள் பந்தல் தயார். ஆனால் பிளாச்சுகள் கிழக்கு மேற்காக, சூரியன் போகும் வழியிலேயே கிடந்தன.

"அழகாத்தான் கட்டியிருக்கீங்க. ஆனா தெக்கு வடக்கால்ல அடிச்சிருக்கணும்?"

"வெயிலுக்குக் குறுக்க கட்டச் சொல்றியா? பையன் காவி கட்டப்போற வருஷத்துலயா? வாத்துக் கூண்டக்கூட நான் அப்படிக் கட்டினதில்ல."

"வாத்து பூக்கும்னு யாரும் காத்துக்கிட்டு இல்லையே!"

பிரயூன் இணங்கவில்லை. வெயிலுக்குக் குறுக்கே வீடு கட்டினால் குடும்பத்துக்கு ஆகாது என்பதை இக்கரையில் எவரும் மீறியதில்லை. எனினும் செடியின் கணக்கு வேறு. பிளாச்சு தெற்கு வடக்காக இருந்தால், சூரியன் நகர நகர ஒளிக்கோடு இலைமேல் நடந்து செல்லும். சுடுவதற்குள் நிழல் வந்துவிடும். கிழக்கு மேற்காக இருந்தாலோ, ஒரே கோடு ஒரே இடத்தில் பகலெல்லாம் நிற்கும். கோடை முற்றியபோது வாண்டாவின் இலைகளில் வெள்ளை வெள்ளையாய்ச் சூட்டுக் கோடுகள் விழுந்தன. ஸங்வான் தையலுக்கு நடுவே எழுந்து எழுந்து கூடையை நகர்த்தி வைத்தார். பள்ளி திறக்கும் காலம் நெருங்கவே, சீருடைத் துணிகள் மலைபோல் குவிந்தன, எழுந்திருக்க நேரமில்லை. கணவர் ஆசையோடு அடித்த ஆணிகளைப் பிடுங்கவும் அவருக்கு மனம் வரவில்லை.

புத்தாண்டுப் பண்டிகையான சோங்க்ரான் அன்று பிரயூன் பொரித்த மீனும் பீருமாக வயிறு நிறைந்து, சட்டையின்றி, பந்தலின் கீழ்த் தூளி கட்டிப் படுத்தார். வாழ்த்துச் சொல்லக் கிண்ணத்தில் நறுமண நீருடன் வந்த புப்பாதான் முதலில் பார்த்தாள்.

"ஐயோ, அக்கா! ஓடி வா! அண்ணன் புலியா மாறிட்டாரு!"

மார்பிலிருந்து தொப்புள்வரை சிவந்த வரிகள். பிரயூன் எழுந்து குனிந்து பார்த்து, விரலால் தொட்டு, முனகினார். ஸங்வான் கற்றாழையைக் கீறிக் கொண்டுவந்து தடவினார். பிறகு வாண்டாக் கூடையை இறக்கி, அவருடைய வயிற்றருகே வைத்தார். இலையின் கோடும் வயிற்றின் கோடும் ஒரே அகலம்.

"எரியுதுடி."

"அதுக்கும் எரியும். சொல்லத்தான் வாயில்ல."

பிரயூன் அண்ணாந்து பந்தலின் பிளாச்சுகளைப் பார்த்தார். பின்பு, மாற்றிக் கட்ட ஒரு நிபந்தனை விதித்தார்.

"ஆணி அடிக்க மாட்டேன். ஆணி அடிச்சாத்தான் அது கட்டடம். கயித்துல கட்டினா வெறும் பாய். பாயை எப்படி வேணா விரிக்கலாம், தோஷமில்ல."

பழைய படகுக் கயிற்றால், படகோட்டியின் முடிச்சுகள் போட்டு, பிளாச்சுகளைத் தெற்கு வடக்காகக் கட்டினார். புதிதாய் வந்த இலை இளம்பச்சையாக இருந்தது. அடுத்து இலையிடுக்கில் ஒரு முனை எட்டிப் பார்த்தது. வேரும் பூந்தண்டும் தொடக்கத்தில் ஒன்றுபோலவே இருக்கும். "வேர்தான்," என்று புப்பா அடித்துச் சொன்னாள். அது வளைந்து கீழே இறங்காமல் வெளிச்சத்தை நோக்கி மேலே ஏறியபோது ஸங்வான் பூந்தண்டுதான் என்று கடைத்தெருவெங்கும் சொல்லிக்கொண்டு வந்தார்.

ஆனால் மழை முந்திக்கொண்டது. வானம் மூடிய நாள்களில் மொட்டுகள் திறக்கத் தயங்கின. ஊர்வல நாளின் காலையில் அடியிலிருந்த இரண்டு மட்டுமே மலர்ந்திருந்தன. தண்டோடு வெட்டினால் மற்ற மொட்டுகள் வீணாகும். எனவே ஸங்வான் அந்த இரண்டை மட்டும் தையல் கத்தரியால் நறுக்கினார். தலை மழித்து வெள்ளுடையில் நின்ற மகனின் கைகளில் அந்த நீலப்பூக்கள் மிகச் சிறியனவாகத் தெரிந்தன.

துறையருகே ஊர்வலம் சென்றபோது புப்பா கடையிலிருந்து இறங்கி வந்தாள். பூக்களை உற்றுப் பார்த்தாள்.

"கீரை பூத்திடுச்சே, அக்கா!" என்றவள், இதழ் மடித்த தாமரை மொட்டு ஒன்றைத் தனித்தின் கைக்குள் செருகினாள். "ரெண்டும் சின்னதா இருக்கு, பயந்துக்கும். துணைக்கு இது."

ஸங்வான் மறுக்கவில்லை. மூன்றும் ஒன்றாகவே விகாரையைச் சேர்ந்தன.

எஞ்சிய மொட்டுகள் நோன்பு தொடங்கிய பிறகு ஒவ்வொன்றாக விரிந்தன. ஸங்வான் தைத்தபடியே அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிரயூன் தம் தூளியைப் பந்தலிலிருந்து அவிழ்த்து, மாமரத்தடிக்கு மாற்றிக்கொண்டார்.