குழலில் இருந்த ரேகை

கன்மேன் அண்ணனின் இரட்டைக்குழல் துப்பாக்கியை நினைத்தால், கருநீல இரும்பில் தெறித்திருந்த வெள்ளிநிறப் புள்ளிகள்தான் முதலில் கண்ணுக்கு வருகின்றன. திருக்கழுக்குன்றத்தில் எங்கள் வங்கிக் கிளையின் வாசலில் ஒன்பது வருடம் அந்தத் துப்பாக்கியோடு நின்றவர். ராணுவத்திலிருந்து வந்தவர், எண்ணெய்த் துணியால் துடைக்காமல் ஒரு நாளும் அதை உறையில் போட்டதில்லை. அப்படிப்பட்டவர், மகள் இறந்து ஒரு மாதம் கழித்து வேலைக்குத் திரும்பியபோது, குழலெல்லாம் ஸ்ப்ரே பெயின்ட் தெறிப்போடு வந்து நின்றார். மாமல்லபுரம் சாலையில் கல்லூரிக்குப் போகும் வழியில் லாரி மோதி இறந்த பெண். நாங்கள் எல்லோரும் அந்த வீட்டுக்குப் போய் வந்திருந்தோம். அதற்குப் பிறகு துப்பாக்கியைப் பற்றி அவரிடம் யார் வாய் திறப்பது?

திறக்க வேண்டிய நாள் வந்தது. உரிமம் புதுப்பிக்க, துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் காட்ட வேண்டும். "இப்படியே எடுத்துக்கினு போனா கேள்வி கேப்பாங்க" என்று மேலாளர் தயங்கித் தயங்கிச் சொன்னார். மதியம் அண்ணன் என் மேசைக்கு வந்தார். தோட்டா இல்லையென்று திறந்து காட்டிவிட்டு, குழலை மட்டும் கழற்றி, ஒரு துண்டில் வைத்து நீட்டினார்.

"நெயில் பாலிஷ் அழிக்கிறது உன்னாண்ட இருக்கும் இல்லம்மா? அதுல போயிடும்ன்றாங்க. என்னால ஆவல. நீயே பண்ணிடேன்."

கண் சரியாகத் தெரியவில்லை போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

பின்னறையில் ஜன்னலைத் திறந்துவைத்து உட்கார்ந்தேன். டீ கொண்டுவந்த பியூன், "உப்புத்தாள் போடுங்க மேடம், ஒரே இழுப்புல வந்துடும்" என்றார். உப்புத்தாள் போட்டால் பெயின்டோடு இரும்பின் கருநீலமும் போய்விடும் என்பது எனக்கே தெரிந்தது. கண்ணில் படாத அடிப்பக்கத்தில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்தேன், நிறம் மாறவில்லை. பிறகு பஞ்சை நனைத்து ஒவ்வொரு புள்ளியின் மேலும் ஒற்றிவைத்து, பெயின்ட் இளகியதும் அழுத்தாமல் துடைத்தெடுத்தேன். பஞ்சு அழுக்கானால் வேறு பஞ்சு.

ஓரிடத்தில் மட்டும் புள்ளி இல்லை, தீற்றல். பெயின்ட் காய்வதற்குள் யாரோ கட்டைவிரலால் துடைக்கப் பார்த்திருக்கிறார்கள். ரேகை அப்படியே பதிந்திருந்தது. சின்ன விரல். அதை எடுக்கத்தான் பாடுபட வேண்டியிருந்தது. மூன்று பஞ்சு பிடித்தது. கடைசியாக எண்ணெய் தடவியபோது குழல் புதிதுபோல மின்னியது. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அண்ணன் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஒரு கீறல் இல்லம்மா" என்றார். பிறகு ஓரிடத்தில் விரலை வைத்தார். "இங்க ஒண்ணு இருந்துதே?"

"அதுவும் போயிடுச்சுண்ணா."

நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"பாப்பா வெரலும்மா அது. வூட்டு வாசல்ல அவ வண்டிக்குப் பெயின்ட் அடிச்சிகினு இருந்தா. நான் பக்கத்துலயே ஒக்காந்து இதைத் தொடச்சிகினு இருந்தேன். காத்துல தெறிச்சிடுச்சி. ஓடியாந்து கையாலயே தொடச்சா. கண்டபடி திட்டிட்டேன். 'ஞாயித்துக்கெழம நானே எடுத்துத் தரேன் நைனா'ன்னா. அந்த ஞாயித்துக்கெழம அவ இல்ல."

"ஏண்ணா என்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ தொட்டிருப்பியா? எனக்கு இந்த வேல வேணுமே." முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எப்படியும் கொஞ்சம் ஒட்டிக்கினு நிக்கும்னு நெனச்சேன்."

உரிமம் கிடைத்தது. இரண்டு வருடம் அதே வாசலில் நின்றார். இப்போது ஓய்வு பெற்றுத் திருப்போரூர் பக்கம் போய்விட்டார். வாசலில் தடி வைத்த புது ஆள் ஒருவர் நிற்கிறார். அண்ணன் எனக்கு நன்றிதான் சொல்லிவிட்டுப் போனார். ஆனால் குழலைத் துடைத்த அன்று மாலை நான் செய்தது அவருக்குத் தெரியாது. அவர் பின்னறையை விட்டுப் போனதும் குப்பைக்கூடையைத் தரையில் கவிழ்த்து, அந்த மூன்று பஞ்சு எது எதுவென்று தேடினேன். எல்லாவற்றிலும் ஒரே வெள்ளி நிறம்தான்.