நால்வருக்கும் அக்காவின் எண்

என் வேலையை வீட்டில் விளக்கி விளக்கி ஓய்ந்துவிட்டேன். பிரவுசரோடு ஒட்டிக்கொண்டு வேலை செய்யும் சின்ன நிரலுக்கு எக்ஸ்டென்ஷன் என்று பெயர். அது ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்க இன்னொரு நிரல் எழுதுவது என் பிழைப்பு. நான் எழுதியது தானே பிரவுசரைத் திறக்கும், தானே படிவத்தை நிரப்பும், தானே அனுப்பும், முடிவில் சரியென்றால் பச்சை, தப்பென்றால் சிவப்பு காட்டும். "எல்லாம் அதுவே பண்ணுதுன்னா நீ என்னதான்டி பண்ற?" என்பாள் அக்கா. நியாயமான கேள்விதான்.

மாநில எல்லையோரம் மூக்கண்டப்பள்ளியில் இருக்கிறது எங்கள் அலுவலகம். அக்கா வேலை செய்யும் தொழிற்சாலைக்கு நாங்கள் ஓர் எக்ஸ்டென்ஷன் செய்து கொடுத்தோம். ஆங்கில லீவு படிவத்தை அது தமிழிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் காட்டும். கரண்ட் போனால் நிரப்பியது வீணாகாமல் சேமித்து வைக்கும். ஒவ்வொரு சோதனையையும் பழைய சுவடே இல்லாத புது பிரவுசரில் தொடங்கினேன். எங்கள் தொழிலில் அது ஓர் ஆசாரம். எல்லாம் பச்சை. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு.

அக்காவின் பிரிவுக்கு ஒரே கம்ப்யூட்டர். விரல் ஓடுகிற ஒருத்தி உட்காருவாள், மற்றவர்கள் சுற்றி நிற்பார்கள். அந்த ஒருத்தி அக்கா. "நந்தூ ஹாக்பிடு" என்பாள் கன்னடக்காரி, "நாதி கூடா வெய்யி" என்பாள் தெலுங்குக்காரி. என்னுடையதையும் போட்டுவிடு என்பதுதான் இரண்டுக்கும் பொருள்.

கூட வேலை செய்தவளின் கல்யாணத்துக்கு ராயக்கோட்டை போக, தனக்கும் மூன்று பேருக்கும் அக்காவே லீவு போட்டாள். திரும்பி வந்தால், அவள் பணியாளர் எண்ணிலேயே நாலு விண்ணப்பம். மற்ற மூவரும் சொல்லாமல் நின்றதாகப் பதிவு. மூவரும் அவளோடு பேச்சை நிறுத்திவிட்டார்கள். சூப்பர்வைசர் அக்காவிடம் எழுத்தில் விளக்கம் கேட்டார். சரியான பதில் இல்லையென்றால் வேலை போகும்.

"ஒவ்வொருத்தி நம்பரையும் பாத்துதான்டி அடிச்சன்," என்றாள்.

"அவசரத்துல மாத்த மறந்திருப்பக்கா. எங்க டெஸ்ட்ல எல்லாம் சரியாதான் வருது."

அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள்.

அலுவலகத்திலும், பயன்படுத்தியவர் செய்த பிழை என்று எழுதி முடிக்கச் சொன்னார்கள். எழுத உட்கார்ந்தேன், மனம் வரவில்லை. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் ஆகிவிடுமோ என்று பயமாக இருந்தது. மறுநாள் காலை அக்காவிடம், அன்றைக்குச் செய்ததை ஒன்றுவிடாமல் சொல்லச் சொன்னேன்.

"என்னுத மொதல்ல அனுப்பினன். அப்புறம் அவளவ நம்பர அடிச்சிட்டு, அவளவளுக்குப் புரியட்டும்னு பாஷைய மாத்திக் காட்டினன். அவ்ளோதான்."

அதை அப்படியே சோதனையாக எழுதினேன். ஒரே பிரவுசர், மூடாமல், நாலு பேர் அடுத்தடுத்து, நடுவில் மொழி மாற்றம். ஓட்டினேன். சிவப்பு. மொழி மாறியதும் எங்கள் எக்ஸ்டென்ஷன், முன்பே சேமித்த அக்காவின் எண்ணை எடுத்து வந்து, புதிதாக அடித்த எண் இருந்த இடத்தில் போட்டுவிட்டது. அனுப்பும் பொத்தான் கீழே இருந்ததால் மேலே நடந்தது கண்ணில் படவில்லை.

வெளியூர்க்காரி செய்திருந்தால் மன்னிக்கலாம். பஸ் ஸ்டாண்டிலிருந்து வீடு வருவதற்குள் மூன்று பாஷை பேசுகிறவள் நான். படிவத்தை மட்டும் ஒருத்தி ஒரே மொழியில், தனியாக உட்கார்ந்து முடிப்பாள் என்று நினைத்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

தொழிற்சாலைக்குப் போய் சூப்பர்வைசரிடம் அந்தச் சோதனையை ஓட்டிக் காட்டினேன். தப்பு எங்களுடையது என்று எழுதிக் கொடுத்தேன். மூவரின் பதிவும் திருத்தப்பட்டது, அவர்களும் அக்காவிடம் பேசத் தொடங்கினார்கள்.

"உன் மேல தப்பில்லன்னு தெரிஞ்சிடுச்சுக்கா," என்றேன் வீட்டில்.

"எனக்கு அன்னிக்கே தெரியும். உனக்குத்தான் மெஷின் வந்து சொல்ல வேண்டியிருக்குது."

இப்போதும் அங்கே எல்லோருக்கும் அவள்தான் போட்டுக் கொடுக்கிறாள். அனுப்புவதற்கு முன் ஒவ்வொரு முறையும் திரையை போனில் படம் பிடித்து வைத்துக்கொள்கிறாள். யாரிடம் காட்ட என்று நான் கேட்கவில்லை.