டாக்டருக்கும் ஒத்தைத் தலைவலி

அற்புதமேரிக்குத் தலைவலி வந்தால் ஊரில் இருப்பவர்கள் எல்லோருமே டாக்டர்கள்தான். விழுப்புரத்தில் பஸ் ஏறினால், "எலுமிச்சம்பழத்த மோந்து பாரும்மா" என்பார் கண்டக்டர். பக்கத்து வீட்டு அம்சா, "தலைக்கு ஊத்திக்கினு ஈரத்தோட பூ வச்சா வராம இன்னா பண்ணும்?" என்பாள். மேரி பூ வைத்தே ஆறு வருடமாகிறது. சொன்னால் யார் காதில் விழுகிறது? சே!

இருபது வருடத்துக்கு மேலாக இந்தப் பேஜாரு. ஒரு பக்கம் மட்டும் இடிக்கும், வெளிச்சம் ஆகாது, வாந்தி வேறு. இதில் கொடுமை, அவளுக்கு வேலையே திண்டிவனத்தில் ஒரு நரம்பு டாக்டரின் கிளினிக்கில் டோக்கன் கூப்பிடுவது. அங்கே வேலை செய்கிறவர்கள் நோயாளியாக உள்ளே போகும் வழக்கமில்லை. தலைவலி என்றால் மேனேஜர் கோகுலகிருஷ்ணன் டிராயரைத் திறந்து, மருந்து கம்பெனிக்காரர்கள் கொடுத்த சாம்பிள் மாத்திரையில் ஒன்றைக் கிழித்துக் கொடுப்பார். அதோடு சரி. போன மாதம் இரண்டு நாள் வராததற்கு, "தலவலிக்கெல்லாம் லீவா? இன்னொரு தடவ போட்டா வீட்லயே இருந்துக்க" என்று சொல்லிவிட்டார். வீட்டில் இருந்துகொண்டால் மகள் சகாய பிரியாவின் நர்சிங் படிப்பு என்னாவது?

அந்தத் திங்கட்கிழமை விடியும்போதே ஆரம்பித்துவிட்டது. நெற்றியில் சுக்குப் பத்து போட்டுக்கொண்டு பஸ் ஏறி, திண்டிவனத்தில் இறங்கிக் குழாயில் கழுவிவிட்டு, ஒன்றுமே இல்லாதவள்போல் போய் நின்றாள்.

பத்தரை ஆகியும் டாக்டர் சித்தார்த்தன் முதல் டோக்கனைக் கூப்பிடச் சொல்லவில்லை. கதவைத் தட்டிவிட்டு உள்ளே போனாள். விளக்கெல்லாம் அணைந்திருந்தது. டாக்டர் ஈரக் கைக்குட்டையைக் கண்மேல் போட்டுக்கொண்டு சாய்ந்திருந்தார்.

"லைட்டப் போடாதம்மா."

"ஒத்தத் தலவலிங்களா சார்?"

"ம். எங்க நரம்பு டாக்டருங்க கூட்டத்துல ஒரு தடவை, இது யாருக்கெல்லாம் இருக்குன்னு கை தூக்கச் சொன்னாங்க. பாதிப் பேருக்கு மேல தூக்கினோம். வெளிய சொல்லிடாத. அரை மணி நேரம் சமாளி."

நல்ல கதை! அவர் தலைவலிக்கு இருட்டறை. அதைக் காவல் காக்க இவள் தலைவலி!

வெளியே, காணை கிராமத்திலிருந்து வந்து டோக்கனோடு காத்திருந்த வல்லரசு எகிறினான். "ஆறு மணிலேர்ந்து குந்திக்கினு கீறோம்! டாக்டரு உள்ள இன்னா பண்ணிக்கினு கீறாரு?"

"போன்ல இருக்காருங்க."

இரண்டு தடவை இதையே சொன்னாள். மூன்றாவது தடவை அவன் இரும்பு நாற்காலியை எட்டி உதைத்த சத்தத்தில் அவளுக்கு மண்டை பிளந்தது.

"அவருக்கும் தலவலிதான்யா! உங்களுக்கு வந்தா தலவலி, அவருக்கு வந்தா இல்லியா? எனக்குந்தான் வருசக்கணக்கா இடிக்கிது, எவன் கேட்டீங்க?"

மேனேஜர் ஓடிவந்தார். "போச்சு! டாக்டருக்கே தலவலின்னா இனிமே எவன் வருவான்? கெளம்பு. நாளைலேர்ந்து வராத."

கதவு திறந்தது. டாக்டர் கண்ணுக்குமேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். மேரி, திட்டு விழப்போகிறது என்று தலையைக் குனிந்துகொண்டாள். அவர் அவள் நெற்றியோரத்தில் காய்ந்திருந்த சுக்கைப் பார்த்தார்.

"மேரி எங்கயும் போக வேணாம், கோகுல். முதல்ல இவங்களப் பாத்துடறேன். உள்ள வந்து உட்காரும்மா. எப்ப ஆரம்பிச்சுது?"

தினமும் கதவிடுக்கு வழியாக நூறு தடவை அவள் காதில் விழுகிற கேள்விதான்.

"பத்தொம்பது வயசுல சார்..." என்று தொடங்கியவள், அதற்குமேல் சொல்ல முடியாமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். அவளிடம் அதை யாரும் கேட்டதே இல்லை.