கூடத்தின் வழியே ஒரு தெரு

மூன்று வருடங்களுக்கு முன்பு, யாங்கோனில் ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் டாலாவில் நடந்தது இது. நான் நாலாம் வகுப்புவரை படித்தவள். நாலு பேர் நடுவில் பேசச் சொன்னால் வாய் ஒட்டிக்கொள்ளும். முப்பது வருடம் ஆற்றுக்கு இந்தப் பக்கம், நகரத்துக்குள் இருக்கும் பபேடானில் ஒரு வீட்டில் சமையல் வேலை. படுக்கை, ஆறு குடும்பங்கள் குடியிருந்த மாடியில், துணி கட்டி மறைத்த ஒரு மூலையில். சாத்திக்கொள்ள எனக்கென்று ஒரு கதவு வேண்டும், ஆசை அவ்வளவுதான்.

டாலாவில் வரி கட்டாத ஒரு வீட்டை நகராட்சி பூட்டி முத்திரை வைத்து ஏலம் விடப்போவதாகக் கேள்விப்பட்டேன். அங்கே டீக்கடை வைத்திருந்த பழைய சொந்தக்காரர் ஊரை விட்டே போய்விட்டாராம். ஏலத்துக்கு முன்பு ஒருநாள் திறந்து காட்டினார்கள். இரண்டு பக்கமும் சின்ன அறைகள், நடுவில் நீளமான கூடம், அதற்கு முன்னும் பின்னும் அகலக் கதவு. காற்று பிய்த்துக்கொண்டு போனது. அந்தக் காற்றிலேயே நான் மயங்கிவிட்டேன்.

கூட வேலை பார்த்தவள் பயமுறுத்தினாள். "அந்தாளுக்கு ஊரெல்லாம் கடன். வீட்ட வாங்கினா அதுவும் ஒங்க தலையிலதான் விடியும்." அதனால் நகராட்சி அலுவலகத்துக்குப் போய், கூட்டம் கலையும்வரை தூணுக்குப் பின்னால் நின்று, குமாஸ்தாவிடம் கேட்டேன். அவர் பர்மாக்காரர். பெரியம்மா என்பதுபோல 'அடோ' என்று கூப்பிட்டு நிதானமாகச் சொன்னார்: "அடோ, இந்த ஏலத்துல தனியாள் குடுத்த கடன், அடமானம் எல்லாம் போயிடும். மின்சார பாக்கி வீட்டோட நிக்கும், நீங்கதான் கட்டணும். பொது வழி இருந்தா அதுவும் நிக்கும்."

படகில் திரும்பும்போது ஜெப வசனம்போல அதையே சொல்லிக்கொண்டு வந்தேன். வழி பற்றி நான் கவலைப்படவில்லை. வழி இல்லாத வீடு எங்கே இருக்கிறது?

ஏலத்தில் கையைக் காதுக்கு மேல் தூக்க வெட்கமாக இருந்தது. பக்கத்தில் நின்றவர் பொறுக்கமாட்டாமல் என் முழங்கையைப் பிடித்து உயர்த்திவிட்டார். என் சேமிப்பு முழுவதும் கொடுத்து வீட்டை வாங்கினேன். மின்சார பாக்கியையும் கட்டினேன்.

குடிபோன முதல் காலை இரண்டு கதவையும் திறந்து வைத்தேன். தோளில் கம்பு போட்டு இரண்டு காலித் தகர டின்களைத் தொங்கவிட்டபடி ஒரு பெண் உள்ளே வந்தாள். "தொறந்துட்டீங்களா, நல்லா இருப்பீங்க" என்று சொல்லிவிட்டுப் பின்கதவு வழியே போனாள். பின்னாலேயே நாலு பேர். புது வீடு பார்க்க வருவது டாலா வழக்கம் போலிருக்கிறது என்று நினைத்து அவசரமாக டீ போட்டேன். ஒருவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வந்தார், கைப்பிடியில் ஆறு கோழிகள் தலைகீழாகத் தொங்கின. அவருக்கும் டீ கொடுத்தேன், குடித்துவிட்டுச் சர்க்கரை குறைவு என்றார். அடுத்து, பிட்சைக்குப் போகும் புத்த பிக்குகள் ஒன்பது பேர் வரிசையாக, தலை குனிந்தபடி, என் கூடத்தைக் கடந்து போனார்கள். நான் வாய் நிறையப் பல்பொடியோடு நின்றேன்.

மறுநாள் கதவைத் திறக்கவில்லை. தட்டு தட்டென்று தட்டினார்கள். பக்கத்து வீட்டுத் தமிழ்ப் பெண் வந்து விளக்கினாள். "அக்கா, அது கூடமில்ல, சந்து. தண்ணி எடுக்கக் குளத்துக்குப் போற வழி. டீக்கடைக்காரரு மேல கூரையப் போட்டு ரெண்டு பக்கமும் கதவ மாட்டிட்டாரு. முத்திர வச்சதுலேருந்து நாங்க ஊரச் சுத்தி நடக்குறோம்."

குமாஸ்தாவிடம் ஓடினேன். வரைபடத்தை விரித்துக் காட்டினார். "அன்னிக்கே சொன்னேனே, அடோ." வழியெல்லாம் அழுதுகொண்டே வந்தேன். அன்றிலிருந்து இரண்டு கதவையும் விடிந்ததும் திறந்து வைத்தேன்.

அதற்கடுத்த மாதம் ஒரு காலையில், தடித்த சங்கிலி போட்ட ஒருவர் கையில் கடிதத்தோடு வந்தார். டீக்கடைக்காரர் இந்த வீட்டை அடமானம் வைத்துத் தன்னிடம் பணம் வாங்கியிருப்பதாகவும், நான் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் காலி செய்ய வேண்டும் என்றும் சொன்னார். தகரம் தூக்கியவர்கள் நின்று பார்த்தார்கள்.

"கதவச் சாத்துங்க. நாம ரெண்டு பேரும் தனியாப் பேசுவோம்," என்றார் சங்கிலிக்காரர்.

"சாத்த முடியாதுங்க," என்றேன். "இது தெரு."

யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் எனக்கு எங்கிருந்தோ குரல் வந்துவிட்டது. தனியாள் கடன் ஏலத்தோடு போயிற்று, மின்சார பாக்கியும் வழியும்தான் நிற்கும், சந்தேகமென்றால் நகராட்சியில் கேளுங்கள் என்று மூச்சு விடாமல் ஒப்பித்தேன்.

"ஒனக்கு யாரு சொன்னது?" என்று அவர் ஒரு அடி முன்னால் வந்தார்.

"நகராட்சி சொல்லுச்சு, அது சொன்ன வழியிலதான் நாங்க நடக்குறோம்," என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. கோழிக்காரர் பின்னாலிருந்து மணியடித்தார். "ஐயா, கடன நடந்துக்கிட்டே கேளுங்க. குளத்துல வரிச கூடுது."

ஆட்கள் நகர, தகரங்கள் நகர, சைக்கிள் நகர, நடுவில் மாட்டிக்கொண்ட அவரும் நகர்ந்தார். கடிதத்தைத் தலைக்கு மேலே பிடித்தபடியே பின்கதவு வழியாகக் குளத்துப் பக்கம் போய்ச் சேர்ந்தார். ஊரைச் சுற்றித்தான் வீட்டுக்குப் போயிருக்க வேண்டும், திரும்பி என் வழியாக வரவில்லை.

இப்போதும் முன்பின் தெரியாதவர்கள் நடந்து போனால் நான் அறைக்குள் ஒதுங்கிவிடுவேன், அந்தக் குணம் மாறவில்லை. ஆனால் நான் ஆசைப்பட்டதுபோல சாத்திய கதவுக்குப் பின்னால் அவரும் நானும் மட்டும் நின்றிருந்தால், ஒரு வார்த்தையும் பேசாமல் சாவியை எடுத்து அவர் கையில் கொடுத்திருப்பேன் என்பது எனக்குத்தான் தெரியும்.