கூலர் தண்ணீரில் கிடைத்த தீனி

தில்லி சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் இருந்தபோது, என் தொட்டி மீன்கள் ஒருமுறை நான்கு நாளாகப் பட்டினி கிடந்தன. நீரின் மேல்மட்டத்தை விட்டு இறங்காத பொடி மீன்கள். நான் போட்ட தீனியோ அடியில் போய்ப் படிந்தது.

அன்று நகராட்சியின் கொசு ஒழிப்புக்காரர், தண்ணீர் ஊற்றி ஓடும் எங்கள் ஏர் கூலரைச் சோதிக்க வந்தார். காக்கிச் சட்டை, நீளக் கழுத்து; தில்லியிலேயே வளர்ந்த தமிழர். நிழல் விழுந்தால் கொசுப்புழுக்கள் ஒளிந்துகொள்ளும் என்று, எந்தத் தண்ணீரையும் பக்கவாட்டில் நின்றுதான் எட்டிப் பார்ப்பார். எங்கள் கூலர் நிறையப் புழு. கொசு வளரவிட்டதற்கு அபராத நோட்டீஸ் நிச்சயம் என்று பயந்தேன்.

அவரோ மீன்தொட்டியைப் பார்த்தார். "அச்சா, இதுங்களுக்கு வாய் மேல பாத்து இருக்கும்மா. கீழ போனதைத் திங்காது. ஜல்தி, டீ வடிகட்டி குடுங்க."

கூலர் புழுக்களை வடித்துத் தொட்டியில் போட்டார். மீன்கள் பாய்ந்து பாய்ந்து தின்றன.

"நோட்டீஸ்?" என்றேன்.

"ஆதாரத்தைத்தான் இதுங்க தின்னுடுச்சே!" என்றபடி கூலரில் மிஞ்சிய தண்ணீரைக் கவிழ்த்துக் கொட்டினார்.

மறுநாள் வாசலில், வாயில் துணி கட்டிய ஜாம் பாட்டில் ஒன்று இருந்தது. உள்ளே காலனியின் கொசுப்புழுக்கள் நெளிந்தன. நன்றி சொல்ல ஓடினேன். அடுத்த பிளாக்கில் ஒரு கூலரின் பக்கவாட்டில் அவர் மூச்சை அடக்கி நின்றிருந்தார். கூப்பிட்டால் அவர் நிழல் அசைந்து புழு ஒளிந்துகொள்ளுமே என்று, சத்தமில்லாமல் திரும்பி வந்துவிட்டேன்.